நிறுத்திய பிறகும் சுட்ட பெட்டி

ஜெரோம்,

போனை எடுக்காத மகனுக்கு எழுதும்போது நலம் விசாரித்து ஆரம்பிக்க எனக்கு மனம் வரவில்லை. நீ நலமாக இருப்பது தெரியும். உன் மனைவி நேற்று அம்மாவிடம் பேசினாள். நானும் இப்போதைக்கு மூச்சு விட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். இதை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கலாம். அனுப்பினால் முதல் வரியைப் பார்த்துவிட்டு ஒரு கட்டைவிரலைப் போட்டு முடித்துவிடுவாய். ஆங்கிலத்தில் எழுதினால் கண்ணை ஓட்டிவிட்டுப் போய்விடுவாய். தமிழ் என்றால் உனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். மயூர் விஹார் தமிழ்ப் பள்ளியில் உன்னைப் பத்தாவது வரை பிடித்து உட்காரவைத்ததற்கு இன்றைக்காவது பலன் கிடைக்கட்டும். இது மெதுவாகப் படிக்க வேண்டிய விஷயம். திங்கட்கிழமை காலைக்குள் படித்து முடிக்க வேண்டிய விஷயமும்கூட.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமை சிஸ்டர்கள் நடத்தும் அந்த முதியோர் இல்லத்தில் உன் பேட்டரிப் பெட்டிகளை மாட்டப்போகிறாய். மாட்டாதே. கரண்ட் போனாலும் ஆக்ஸிஜன் மெஷின் நிற்காமல் ஓட வேண்டும் என்று முதல் பெட்டியை எனக்காகத்தான் செய்தாய். மூச்சுக்குழல் கெட்டுப்போன ஒரு மனிதனுக்கு மகன் அதைவிடப் பெரிதாக என்ன செய்துவிட முடியும்? அதைச் சுமந்து வந்து இறக்கிய அன்று நான் நன்றி சொல்லவில்லை. ஃபேன் சத்தம் போடுகிறது என்றேன். அந்தச் சத்தம் பிடிக்காமல் மெஷினையும் பெட்டியையும் முன்னறையில் செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்லி, நீளக் குழாய் போட்டுக் கட்டில்வரை இழுத்துக்கொண்டேன். அதே பெட்டிதான் வியாழக்கிழமை மதியம் என்னைக் கொல்லப் பார்த்தது. கோபப்படாதே. கொல்லப் பார்த்ததில் எனக்கும் பங்கு உண்டு, அதையும் எழுதுகிறேன்.

புதன்கிழமை கரண்ட் ஏறி இறங்கியதில் நீ கொடுத்த சார்ஜர் செத்துப்போனது. உன்னைக் கூப்பிட்டால் ஆபீஸ் மீட்டிங் என்று சொல்வாய். ஓக்லாவில் இன்வெர்ட்டர் கம்பெனி டெஸ்டிங் செக்‌ஷனில் வேலை பார்த்தவன் வீட்டில் ஒரு சார்ஜரா இல்லாமல் போகும்? பரணில் இருந்த பழையதை இறக்கி மாட்டினேன். அது தண்ணீர் ஊற்றும் பழைய வகை பேட்டரிக்கான சார்ஜர் என்பதும், லித்தியம் பேட்டரிக்கு வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிக வோல்ட் தள்ளும் என்பதும் எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் மாட்டினேன். அளவு மீறினால் பெட்டிக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர் சார்ஜைத் துண்டித்துவிடும், சிவப்பு விளக்கு எரியும் என்று நீ சொல்லியிருந்தாய் அல்லவா? அதை நம்பினேன். உன் வேலை எதையும் சோதித்துப் பார்க்காமல் நான் நம்பியது அந்த ஒரு தடவைதான்.

வியாழக்கிழமை மதியம் அம்மா சப்ஜிக்காரனிடம் காய் வாங்கக் கீழே போயிருந்தாள். கட்டிலில் இருந்தபடியே திறந்திருந்த கதவு வழியாகப் பார்த்தேன், பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. சபாஷ், பையன் சர்க்யூட் துண்டித்துவிட்டது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு மறுபடி பேப்பரைப் படித்தேன். கொஞ்ச நேரத்தில் ஒரு வாசனை வந்தது. வார்னிஷ் சூடாகும் வாசனை. அந்த வாசனையை நுகர்ந்தே சம்பளம் வாங்கியவன் நான், எனக்கு அது தப்பாது. எழுந்து போய்ப் பெட்டியின் மேல் கை வைத்தேன், வைத்த வேகத்தில் எடுத்துவிட்டேன். சார்ஜ் ஏறும்போது வெதுவெதுப்பாக இருக்கும் பெட்டி, நின்றுவிட்டது என்று விளக்குப் போட்ட பிறகு அடுப்பாகச் சுட்டது. நின்றுபோன ஒன்று எப்படிச் சுடும்?

யோசித்துக்கொண்டு நிற்க நேரமில்லை. லித்தியம் பொங்கினால் தீப்பிடிக்கும் என்று உனக்குத் தெரியும். பக்கத்திலேயே ஆக்ஸிஜன் ஓடிக்கொண்டிருந்தது. சார்ஜர் பிளக் செருப்பு ஸ்டாண்டுக்குப் பின்னால், தரையை ஒட்டி இருக்கிறது. எனக்குக் குனிவதுதான் ஆகாத காரியம். குனிந்தால் நெஞ்சு அடைத்துக்கொள்ளும். மண்டி போட்டுக் கையை விட்டு பிளக்கைப் பிடுங்கினேன். இனி மெஷின் பேட்டரியில் ஓடும், அதற்குத்தானே இந்தப் பெட்டி என்று நினைத்தேன். மெஷின் ஒரு கத்துக் கத்திவிட்டு நின்றது. மூக்கில் காற்று வருவதும் நின்றது.

ஜெரோம், வாயைத் திறந்து மூச்சை இழுக்கிறேன், உள்ளே போகவில்லை. பெட்டி நிறைய சார்ஜ் இருக்கிறது, எனக்கு ஒரு துளி தரமாட்டேன் என்கிறது. கண் ஓரம் இருட்டிக்கொண்டு வந்தது. மெஷினின் பிளக்கைப் பெட்டியிலிருந்து உருவி, சார்ஜரைப் பிடுங்கிய அதே சுவர் பாயிண்டில் தடவித் தடவிச் சொருகினேன். கரண்ட் இருந்தது. அது என் சாமர்த்தியம் இல்லை, அதிர்ஷ்டம். ஜூன் மாத டெல்லியில் மதிய நேரத்தில் கரண்ட் இருந்த அதிர்ஷ்டம். மெஷின் ஓட ஆரம்பித்தது. அம்மா கதவைத் திறந்து பார்த்தபோது நான் தரையில் இருந்தேன்.

"என்னங்க, செருப்புக்கு நடுவுல உக்காந்திருக்கீங்க?" என்றாள். பெட்டியைக் கையால் காட்டினேன். அவள் முதலில் என் விரல் நுனியைத்தான் பார்த்தாள். முப்பது வருஷ நர்ஸ் அல்லவா, நகம் நீலமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பெட்டியைப் பார்த்தாள். பிறகு ஈரத்துணியால் பிடித்துப் பேட்டரியைக் கழற்றி பால்கனிக்கு இழுத்துப் போனாள்.

பேச முடிந்ததும் உன்னைக் கூப்பிட்டேன். அந்தப் பேச்சு உனக்கும் ஞாபகம் இருக்கும். ஆனாலும் எழுதுகிறேன், எழுத்தில் பார்த்தால் நமக்கே நம் லட்சணம் தெரியும்.

"ஏல, உன் பெட்டி ஆஃப் ஆன பெறவும் சார்ஜ் ஏறிக்கிட்டே இருக்கு. கை வைக்க முடியல."

"ரெட் லைட் வந்துச்சா?"

"வந்துச்சு."

"அப்ப கட் ஆயிடுச்சுப்பா. பஸ், அவ்வளவுதான். ஜூன்ல எந்தப் பெட்டிதான் சுடாது?"

"வெயில் சூடு எனக்குத் தெரியாதால? இது வேற."

"ஏக் மினிட். எந்த சார்ஜர் போட்டீங்க?"

சொன்னேன்.

"அரே அப்பா! அதை லித்தியத்துல யாரு போடச் சொன்னது? தப்பு பண்ணினது நீங்க, கோளாறு என் டிசைன்லயா? நான் செஞ்சதுல என்னைக்கு நீங்க குறை சொல்லாம இருந்திருக்கீங்க?"

வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

உன் கேள்வி நியாயமானதுதான், பதில் சொல்கிறேன். நீ பன்னிரண்டாவது படிக்கும்போது கோயில் கிறிஸ்துமஸ் விழாவுக்கு ஆம்ப்ளிஃபயர் செய்தாய். பாட்டு முடிந்து எல்லாரும் உனக்காகக் கை தட்டினார்கள். ஃபாதர் உன் தோளில் தட்டினார். நான் வந்து, "அடியில ஒரு ஹம் கேக்குல" என்றேன். உன் முகம் வாடியது இன்னும் கண்ணில் இருக்கிறது. ஹம் என்கிற அந்த இரைச்சல் இருந்தது, அதில் நான் பின்வாங்குவதாக இல்லை. முதல் வேலையில் சேர்ந்தபோது நீ வாங்கிவந்த மிக்ஸியில் வாஷர் சரியில்லை என்றேன். அதுவும் சரியில்லைதான். வாஷருக்கும் ஹம்முக்கும் போட்ட அதே சத்தத்தைத்தான் வியாழக்கிழமை உயிர் போகிற விஷயத்துக்கும் போட்டேன். உன் காதில் எல்லாம் ஒன்றாகத்தான் விழும். அதனால் இனி என் பேச்சை நம்பாதே. கீழே எழுதியதை நீயே செய்து பார், அதை நம்பு.

வெள்ளிக்கிழமை பேட்டரி ஆறிய பிறகு பெட்டியைத் திறந்தேன். பேட்டரிக்கும் மற்ற எல்லாவற்றுக்கும் நடுவே ஒரே ஒரு மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர் வைத்திருக்கிறாய். அதன் முதுகுத் தகடு நிறம் மாறிப்போயிருந்தது. அதைக் கழற்றி சாப்பாட்டு மேசையில் வைத்து, ஒரு சின்ன பேட்டரியையும் பைக் இண்டிகேட்டர் பல்பையும் சேர்த்தேன். டிரான்சிஸ்டரை ஆஃப் நிலையில் கட்டினேன். பல்ப் எரியவில்லை. நல்ல பிள்ளை. பிறகு டிரான்சிஸ்டரை அப்படியே ஆஃப் நிலையில் வைத்து, கம்பிகளை மட்டும் இடம் மாற்றினேன். பல்ப் எரிந்தது. அம்மா வெங்காயம் உரிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"ஆஃப்னு சொன்னீங்க?"

"ஆஃப்தான்."

"பெறவு எப்படி எரியுது?"

"உள்ளேயே ஒரு டையோடு இருக்கு. யாரும் வைக்கல, செய்யும்போதே கூடப் பொறந்தது. ஒரு பக்கம் மட்டும் விடும்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "ஹார்ட் வால்வு மாதிரியா?"

"அதேதான். வால்வு நல்ல வால்வு. வச்ச பக்கம்தான் கோளாறு."

நீ படித்தவன், இது உனக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தும் கை நழுவுகிற இடம் இதுதான் என்பதற்காக எழுதுகிறேன். நம் அடுக்குமாடி சொசைட்டியின் பெரிய இரும்பு கேட்டை நினைத்துக்கொள். அதற்குள்ளேயே ஒரு சின்னக் கதவு இருக்கிறது. அது உள்பக்கமாக மட்டும் திறக்கும், தாழ்ப்பாள் கிடையாது என்று வை. வாட்ச்மேன் பெரிய கேட்டைப் பூட்டிவிட்டு, பூட்டியாச்சு சார் என்று சல்யூட் அடிக்கிறான். உள்ளே இருப்பவன் வெளியே போக முடியாது. வெளியே இருப்பவன் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிடலாம். கேட் திறந்திருந்தால் கூட்டம் அகலமாகப் போகும், நெரிசல் இல்லை. பூட்டிவிட்டால் அத்தனை பேரும் சின்னக் கதவு வழியாக முட்டி மோதுவார்கள். அதனால்தான் ஆன் நிலையில் வெதுவெதுப்பாக இருந்த மாஸ்ஃபெட் ஆஃப் ஆனதும் சுட்டது. கரண்ட் நிற்கவில்லை. தடை குறைந்த வழியை நீ மூடியதும் டையோடு வழியாக ஓடியது, ஒரு வோல்ட் அளவுக்கு அங்கே விழுந்து அவ்வளவும் சூடானது.

நீ சோதித்துப் பார்த்திருப்பாய் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பேட்டரியை வடியவிட்டு, தீரும் நேரத்தில் டிரான்சிஸ்டர் துண்டிக்கிறதா என்று பார்த்திருப்பாய். அழகாகத் துண்டித்திருக்கும். வெளியே போகும் கரண்டை அது நிறுத்தும். அதைப் பார்த்துவிட்டு உள்ளே வரும் கரண்டையும் நிறுத்தும் என்று முடிவு கட்டிவிட்டாய். வியாழக்கிழமை என்ன நடந்தது என்று இப்போது பார். பேட்டரி நிறைந்து வழிகிறது, உன் சர்க்யூட் டிரான்சிஸ்டரை ஆஃப் செய்கிறது. நிறுத்த வேண்டிய சார்ஜ் டையோடு வழியாகத் தாராளமாக உள்ளே போகிறது. நான் பிளக்கைப் பிடுங்கியதும், வெளியே வரவேண்டிய கரண்ட் மட்டும் வராமல் நிற்கிறது. பேட்டரிக்கு நெருப்பு, எனக்கு மூச்சடைப்பு. இரண்டையும் ஒரே உருப்படி செய்திருக்கிறது.

முன்பு நான் ரிலே ஸ்விட்ச் போடச் சொன்னபோது, "டொக் டொக்னு சத்தம், அப்பா, அந்தக் காலம் போச்சு" என்றாய். ரிலேயே வேண்டும் என்று நான் இப்போது பிடிவாதம் பிடிக்கவில்லை. அந்த டையோடு மேல் எனக்குப் பகையும் இல்லை. ஓக்லாவில் அது எங்களுக்குச் செய்த உதவி கொஞ்சமல்ல. டிரான்சிஸ்டர் ஆஃப் ஆகும் நொடியில் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து திரும்பி வரும் கரண்டுக்கு வழிவிட்டு எத்தனையோ போர்டுகளைக் காப்பாற்றியிருக்கிறது. இங்கே வேண்டியது இரண்டு மாஸ்ஃபெட், ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டி, டையோடுகள் எதிரெதிர்ப் பக்கம் பார்க்கும்படி. ஒன்று சார்ஜுக்கு, ஒன்று செலவுக்கு, தனித்தனி உத்தரவில். பேட்டரி நிறைந்தால் உள்ளே வருவது மட்டும் நிற்க வேண்டும், நோயாளிக்குப் போவது நிற்கக் கூடாது. நீ முதலில் சோதனைக்குச் செய்த போர்டில் இரண்டு இருந்ததை நான் பார்த்தேன். பெட்டி சின்னதாக வேண்டும் என்று ஒன்றை எடுத்துவிட்டாயா? மாற்றிய பிறகு சிவப்பு விளக்கைப் பார்க்காதே. சார்ஜர் கம்பியில் கிளாம்ப் மீட்டரை மாட்டி, கரண்ட் ஓடுகிறதா என்று பார். விளக்கு உன் சர்க்யூட் கொடுத்த உத்தரவைத்தான் காட்டும். உத்தரவு நடந்ததா என்று மீட்டர்தான் காட்டும்.

தப்பான சார்ஜரைப் போட்டது நான். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த இல்லத்தில் இன்னொரு நான் இருக்கமாட்டேன் என்று யார் உனக்குச் சொன்னது? ஒரு எலெக்ட்ரீஷியன் பையா வருவான், ஜல்தி ஜல்தி என்று கையில் கிடைத்த சார்ஜரை மாட்டிவிட்டுப் போவான். சிஸ்டர் வந்து சிவப்பு விளக்கைப் பார்ப்பார்கள், எல்லாம் சரியாக இருக்கிறது என்று ஜெபத்துக்குப் போவார்கள். இதை அம்மாவிடம் சொன்னபோது அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"நீங்க எந்திரிச்சுப் போயி புடுங்கினீங்க. அங்க படுத்திருக்கறவங்க யாரு எந்திரிப்பா?"

அதற்குப் பதில் உன்னிடம் இருக்கிறதா?

சிஸ்டர் நம்பர் என்னிடம் இருக்கிறது. "இப்பவே போன் போட்டுச் சொல்லுங்க" என்று வெள்ளிக்கிழமையிலிருந்து அம்மா என்னை அரிக்கிறாள். நேற்று நம்பரைப் போட்டு, மணி அடிக்கும் முன் வைத்துவிட்டேன். உன் முதல் பெரிய வேலை இது. அப்பன்காரன் போன் செய்து மகன் பெட்டி சரியில்லை என்று சொன்னால், சிஸ்டர் உன்னை இனி எந்தக் கண்ணால் பார்ப்பார்கள்? நீயே போய், நானே ஒரு பிழை கண்டுபிடித்தேன், திருத்திவிட்டு வருகிறேன் என்று சொன்னால் உன் மேல் மதிப்புத்தான் கூடும். நீ கண்டுபிடித்ததாகவே சொல்லிக்கொள், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் பயத்தோடுதான் காத்திருக்கிறேன். நான் உன் மானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது நீ முன்கூட்டியே ஒரு பெட்டியை அங்கே மாட்டியிருந்தால்? அந்த நினைப்பு வந்தால் சோறு இறங்கவில்லை. அதனால் இன்று ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அம்மா நேராக மெட்ரோ ஏறி நொய்டாவில் உன் வீட்டுக்கு வந்து இதைக் கையில் கொடுப்பாள். நீ படித்து முடிக்கும்வரை உட்கார்ந்திருப்பாள். எழுத்து புரியாவிட்டால் அவளிடம் கேள். படித்ததும் அவள் முன்னாலேயே சிஸ்டரைக் கூப்பிடு. நீ கூப்பிடவில்லை என்று அவள் சொன்னால், அந்த நிமிஷமே நான் கூப்பிடுவேன். அதற்குப் பிறகு நீ ஆயுளுக்கும் என்னோடு பேசாமல் போனாலும் சரி. எனக்கு அழுகை வரும். ஆனாலும் கூப்பிடுவேன்.

இன்னொன்று. வெள்ளிக்கிழமை உன் மாமா கடையிலிருந்து ஒரு இன்வெர்ட்டர் அனுப்புவதாகச் சொன்னார். நல்ல கம்பெனி சாமான், காரண்டியும் உண்டு. அம்மாவுக்கு ஆசைதான். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வாடகைக்கு எடுத்த ஆக்ஸிஜன் சிலிண்டர் ஒன்று இப்போது கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிறது, கரண்ட் போனால் அம்மா திறந்துவிடுவாள், சமாளித்துக்கொள்வோம். இது மிரட்டல் மாதிரி இருக்கிறது என்று நினைப்பாய். கொஞ்சம் மிரட்டல்தான். ஆனால் நீ இரண்டு மாஸ்ஃபெட் போட்டு, மீட்டரை மாட்டிப் பார்த்து, துண்டித்துவிட்டது அப்பா என்று நீயே வாயால் சொன்னால் எனக்குப் போதும். நான் திறந்து பார்க்கமாட்டேன். அதை முதலில் அந்த இல்லத்துக்குக் கொண்டு போகாதே, இங்கே கொண்டு வா. முன்னறையில் வேண்டாம், என் கட்டிலுக்கு அடியில் வை. அன்றைக்கு ராத்திரி நான் அதன் மேல் படுத்துத் தூங்குகிறேன்.

அப்பா